யூதச் சமையலில் காய்கனிப் பதனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூதர்களுக்கென்று தனியாக ஊறுகாய் முறை உண்டா?

போடும் முறையை மட்டும் பார்த்தால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். போலந்திலும் லிதுவேனியாவிலும் இருந்த யூதர்கள் அக்கம்பக்கத்தவர்களைப் போலவே வெள்ளரிக்காயையும் முட்டைகோஸையும் உப்புநீரில் புளிக்க வைத்தார்கள். மொரோக்கோ யூதர்கள் எலுமிச்சையை உப்பில் அடைத்தார்கள். அங்கே முஸ்லிம் வீடுகளிலும் அதே ஜாடிதான். பாக்தாத் யூதர்கள் மாங்காய் ஊறுகாய்க்கு இந்தியாவுக்குக் கடன்பட்டவர்கள்.

யூதத்தன்மை வேறு இடத்தில் இருக்கிறது. எந்த வாரம் ஜாடியை நிரப்புவது, எந்த நாளில் திறப்பது, எந்த வினிகர் ஊற்றுவது, எந்தக் கத்தியால் நறுக்குவது, எந்தத் தேதிக்குப் பிறகு அது வீட்டில் இருக்கக் கூடாது என்பதையெல்லாம் பருவகாலத்தோடு சேர்ந்து பண்டிகை நாள்காட்டியும் மதச் சட்டமும் முடிவு செய்கின்றன. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன.

அஷ்கெனாசி, செபார்டி, மிஸ்ராகி என்கிறார்களே, யார் இவர்கள்?

சுருக்கமாக: அஷ்கெனாசிகள் ஜெர்மனி முதல் ரஷ்யா வரை பரவியிருந்த யூதர்கள். செபார்டிகள் 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு வட ஆப்பிரிக்கா, துருக்கி, பால்கன் பகுதிகளில் குடியேறியவர்களின் வழிவந்தவர்கள். மிஸ்ராகிகள் ஈராக், ஈரான், சிரியா, ஏமன் போன்ற கிழக்கு நாடுகளில் பழங்காலத்திலிருந்தே இருந்தவர்கள். சமையலில் கோடு இவ்வளவு தெளிவாக விழாது, ஆனால் பேச வசதியான பிரிவு.

பைபிள் காலத்தில் எப்படிப் பதப்படுத்தினார்கள்?

வெயிலில் காயவைத்துத்தான். திராட்சையும் அத்தியும் பேரீச்சையும் கோடையில் ஒரேயடியாகக் குவிந்துவிடும். அத்தியை உலர்த்தி, அழுத்தி, வட்ட அடைகளாகத் தட்டி வைப்பார்கள். 1 சாமுவேல் 25ஆம் அதிகாரத்தில் அபிகாயில் தாவீதின் ஆட்களுக்குக் கொண்டுபோகும் உணவில் 100 வற்றல் திராட்சைக் குலையும் 200 அத்திப்பழ அடையும் இருக்கின்றன. எசேக்கியா ராஜாவின் கட்டிக்கு ஏசாயா பற்றுப் போடச் சொன்னதும் அதே அத்தி அடையைத்தான். ‘பாலும் தேனும் ஓடுகிற தேசம்’ என்பதில் வரும் தேன், பேரீச்சம்பழத்தைக் காய்ச்சி எடுத்த பாகு என்று பலர் கொள்கிறார்கள். ஈராக் யூதர்கள் அந்தப் பாகை இன்றும், எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகை விருந்தில் அக்ரூட் கொட்டைத் தூளோடு சேர்த்து வைக்கிறார்கள்.

ஓய்வுநாளில் ஊறுகாய் போடலாமா?

கூடாது. ஓய்வுநாள் என்பது வெள்ளி மாலைச் சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு வரை. அந்த நேரத்தில் சமைக்கக் கூடாது. ஊறவைப்பதையும் ஒருவகைச் சமையலாகவே சட்டம் கருதுகிறது. மிஷ்னா, அதாவது கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட சட்டத் தொகுப்பு, ஓய்வுநாளில் ஊறுகாய்க்கான கெட்டி உப்புநீரைக் கரைக்கக் கூடாது என்கிறது. ரொட்டியைத் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் உப்புத்தண்ணீர் கரைத்துக்கொள்ளலாம். முள்ளங்கித் துண்டுகளை மொத்தமாக உப்பில் பிசறி வைப்பது தவறு; ஒவ்வொன்றாக உப்பில் தொட்டு அப்போதே வாயில் போட்டுக்கொண்டால் சரி. ஜாடியிலிருந்து எடுத்த காயைப் பிழிவதிலும் இப்படி ஒரு வித்தியாசம் உண்டு. காயைச் சாப்பிடுவதற்காகப் பிழியலாம், சாறு வேண்டும் என்று பிழியக் கூடாது.

போடத்தான் தடை, சாப்பிடத் தடையில்லை. சொல்லப்போனால் ஓய்வுநாள் மேஜைதான் ஊறுகாய் ஜாடிக்கு உரிய இடம். அடுப்பு பற்றவைக்க முடியாத நாளில், முந்தின நாள் சமைத்து ஆறிப்போன மீனுக்கும் கோழிக்கும் உயிர் கொடுப்பது புளிப்பும் உப்பும்தானே. இன்னொரு வசதி: காய்கனி இறைச்சியும் அல்ல, பாலும் அல்ல. யூதச் சட்டத்தில் இறைச்சியையும் பாலையும் ஒரே வேளையில் சேர்க்க முடியாது, ஆனால் ஊறுகாய் இரண்டு மேஜைக்கும் போகும்.

ஏழாம் வருட விளைச்சலை ஊறுகாய் போட்டால் என்ன ஆகும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. லேவியராகமம் 25இன்படி இஸ்ரேல் மண்ணுக்கு ஏழு வருடத்துக்கு ஒருமுறை ஓய்வு: உழக் கூடாது, விதைக்கக் கூடாது. தானாக விளைவது எல்லோருக்கும் பொது, காட்டு விலங்குகளுக்கும் சேர்த்து. கடைசியாக வந்த ஓய்வு வருடம் 2021 செப்டம்பரிலிருந்து 2022 செப்டம்பர் வரை. அடுத்தது 2028இல் தொடங்குகிறது.

ஒரு காய் வயலில் விலங்குக்குக் கிடைக்கும் வரைதான் மனிதன் அதை வீட்டில் சேமித்து வைத்திருக்கலாம். வயலில் அந்த இனம் தீர்ந்துவிட்டால், வீட்டில் இருப்பதையும் வெளியே கொண்டுவந்து பொதுச்சொத்து என்று அறிவித்துவிட வேண்டும். மானுக்கு இல்லாதபோது எனக்கும் பதுக்கல் இல்லை என்ற கணக்கு.

இப்போது ஒருவர் மூன்று வகைக் காய்களை ஒரே பீப்பாயில் ஊறப்போட்டிருக்கிறார். மூன்றும் வயலில் வெவ்வேறு வாரத்தில் தீர்ந்துபோகும். பீப்பாயை எப்போது காலி செய்வது? மிஷ்னாவில் இதற்கு மூன்று ரபிகள், அதாவது சட்ட ஆசான்கள், மூன்று பதில்கள் சொல்கிறார்கள். முதல் வகை தீரும் வரைதான் மூன்றையும் சாப்பிடலாம் என்கிறார் ரபி எலியேசர். ஒன்றின் சுவை மற்றதில் இறங்கிவிட்டதே. கடைசி வகை தீரும் வரை சாப்பிடலாம் என்கிறார் ரபி யெகோசுவா. ரபான் கமாலியேலின் பதில் வேறு மாதிரி: எந்த இனம் வயலில் தீர்ந்ததோ அதை மட்டும் பீப்பாயிலிருந்து எடுத்துவிடு. சட்டம் இவர் பக்கமே நின்றது.

உப்புநீருக்குள் சுவை எப்படிப் பரவுகிறது என்பதைக் கிட்டத்தட்ட 1800 வருடத்துக்கு முன்பு சட்ட வாதமாகவே நடத்தியிருக்கிறார்கள். ஊறுகாய் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுவது எனக்கு வருத்தம்.

நியூயார்க் வெள்ளரி ஊறுகாயில் வினிகர் உண்டா?

பழைய முறையில் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. உப்பு, தண்ணீர், பூண்டு, சதகுப்பைக் கீரை, கொஞ்சம் மசாலா, அவ்வளவுதான். புளிப்பு முழுவதும் நொதிப்பிலிருந்து வருவது. வெள்ளரியின் தோலிலேயே இருக்கும் லாக்டிக் பாக்டீரியா காயின் சர்க்கரையைத் தின்று அமிலமாக்குகிறது. உப்பு அழுகச்செய்யும் கிருமிகளை அடக்கி, இவற்றுக்கு வழிவிடுகிறது.

1881க்கும் 1924க்கும் இடையில் சுமார் 20 லட்சம் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் அமெரிக்கா போனார்கள். பெரும்பங்கினர் முதலில் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு. தள்ளுவண்டி வியாபாரம் தொடங்க முதல் அதிகம் வேண்டாம், ஒரு பீப்பாய் போதும். எசெக்ஸ் தெருவும் அதன் சுற்றுப்புறமும் ஊறுகாய்க் கடைகளால் நிறைந்தன. ரொட்டியும் உருளைக்கிழங்குமாக ஓடிய வாழ்க்கையில் நாக்குக்குக் கிடைத்த மலிவான சுகம் அது. பிள்ளைகள் காசு கிடைத்தால் ஊறுகாய் வாங்கித் தின்பதைப் பார்த்து அக்காலச் சமூகச் சீர்திருத்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். நொதித்த காய்க்கு இன்று கிடைக்கும் மரியாதையைப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் பக்கம்தான் நியாயம் இருந்தது என்பேன்.

கடைகளில் இரண்டு வகை சொல்வார்கள். சில நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் எடுப்பது அரைப்புளிப்பு: உள்ளே இன்னும் வெள்ளை, கடித்தால் நொறுங்கும், பச்சைக்காய் வாசம் போகாது. நாலு முதல் ஆறு வாரம் விட்டால் முழுப்புளிப்பு: ஆலிவ் பச்சை நிறம், கண்ணாடி போன்ற சதை, பூண்டு நடுவரை இறங்கியிருக்கும்.

அதை வீட்டில் எப்படிப் போடுவது?

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 40 முதல் 50 கிராம் உப்பு. அரைப்புளிப்புதான் வேண்டும் என்றால் 35 கிராமும் போதும். வேறு ஒன்றும் கலக்காத உப்பாக இருந்தால் நல்லது; பொடி உப்பில் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருள் நீரைக் கலங்கலாக்கும். வெள்ளரிப்பிஞ்சு சின்னதாக, கெட்டியாக, அன்று பறித்ததாக இருக்கட்டும். தோலில் மெழுகு பூசியது வேண்டாம். காம்புக்கு எதிர்ப்பக்கம், பூ இருந்த நுனியை, ஒரு மெல்லிய வட்டமாகச் சீவிவிடுங்கள். அந்த நுனியில் உள்ள நொதிகள்தான் காயைக் கொழகொழவென்று ஆக்குகின்றன.

பாட்டிலின் அடியில் தட்டிய பூண்டு ஆறேழு பல், சதகுப்பைக் கொத்து, மிளகு, கொத்தமல்லி விதை, கடுகு, பிரிஞ்சி இலை. கிழக்கு ஐரோப்பாவில் திராட்சை இலையோ ஓக் இலையோ ஒன்று போடுவார்கள்; இலையின் துவர்ப்பு காயை மொறுமொறுப்பாக வைக்கும். வெள்ளரியை நெருக்கமாகச் செங்குத்தாக அடுக்கி, காய் முழுவதும் மூழ்கும்படி உப்புநீர் ஊற்ற வேண்டும். மேலே ஒரு சின்னக் கிண்ணத்தைக் கனமாக வையுங்கள். காய் நீருக்கு மேலே எட்டிப் பார்த்தால் பூஞ்சை அங்கேதான் பிடிக்கும்.

மூடியை இறுக்காதீர்கள், வாயு வெளியேற வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாள் நீர் பால் போலக் கலங்கும், குமிழி ஏறும். அது நல்ல அடையாளம். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு வாரம் ஆவது, நம் ஊர் வெயிலில் மூன்று நாலு நாளிலேயே ஆகிவிடும். அதனால் தினமும் ஒன்றைக் கடித்துப் பாருங்கள், பிடித்த புளிப்பு வந்ததும் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

ஹங்கேரி யூதர்கள் கோடையில் உப்புநீரின் மேல் ஒரு துண்டு ரொட்டியையும் வைத்துப் பாட்டிலை வெயிலில் விடுவார்கள். அதுவும் அந்த நாட்டின் பொது முறைதான். சீக்கிரம் புளிக்கும், ஆனால் ரொட்டி சேர்ந்ததால் பஸ்காவுக்கு ஆகாது.

மேலே வெள்ளையாகப் படிகிறதே?

தட்டையான, மெல்லிய வெள்ளை ஏடு என்றால் ஒருவகை ஈஸ்ட். வழித்து எறிந்துவிட்டுத் தொடரலாம். பஞ்சு போல எழும்பினாலோ, பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தாலோ, காய் வழவழத்து நாறினாலோ மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

பாட்டிலில் ‘கோஷர் டில்’ என்று போட்டிருந்தால் அது கோஷர்தானா?

அவசியமில்லை. கோஷர் என்றால் யூத உணவுச் சட்டப்படி உண்ணத் தகுந்தது, டில் என்றால் சதகுப்பை. ஆனால் அமெரிக்காவில் அது ஒரு சுவையின் பெயராகிவிட்டது: யூதக் கடைப் பாணியில் பூண்டும் சதகுப்பையும் தாராளமாகச் சேர்த்தது என்று பொருள். சட்டப்படி சரியா என்று தெரிய வேண்டுமானால் சான்றளிக்கும் அமைப்பின் முத்திரை பாட்டிலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘கோஷர் உப்பு’ம் இப்படித்தான். இறைச்சியிலிருந்து ரத்தத்தை உறிஞ்சி எடுக்கப் பயன்பட்ட பருமனான உப்பு என்பதால் அந்தப் பெயர்.

காய்கனி சைவம்தானே, அதில் கோஷர் பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. முதலாவது பூச்சி. பூச்சி உண்பது தடை என்பதால் முட்டைகோஸ், சதகுப்பை, திராட்சை இலை, உலர் அத்தி எல்லாவற்றையும் கவனமாகப் பார்க்க வேண்டும். அத்தியைப் பிளந்து உட்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பார்கள். அடுத்து வினிகர்: திராட்சை ரசத்திலிருந்து வந்ததென்றால், அந்த ரசம் யூதர்களின் மேற்பார்வையில் தயாரானதாக இருக்க வேண்டும். ஜாமில் ஜெலட்டின் சேர்ந்திருந்தால் அது எந்த விலங்கினுடையது என்ற கேள்வி வரும்; பழத்திலிருந்து எடுக்கும் பெக்டினில் அந்தச் சிக்கல் இல்லை.

கத்தியும் முக்கியம். வெங்காயம், முள்ளங்கி போன்ற காரமான காயை இறைச்சிக் கத்தியால் நறுக்கினால், கத்தியில் ஏறியிருக்கும் இறைச்சிச் சுவை காய்க்கு இறங்கும் என்பது விதி. பிறகு அதைப் பாலுணவோடு சேர்க்க முடியாது. ஊறவைப்பதற்கும் ஒரு நேரக் கணக்கு உண்டு. ஒரு திரவத்தில் 24 மணி நேரம் கிடந்தால் அது வேகவைத்ததற்குச் சமம். கெட்டி உப்புநீரோ வினிகரோ என்றால் நிமிடக் கணக்கிலேயே அந்த நிலை வந்துவிடும்.

பஸ்காவுக்கு என்ன ஊறுகாய் வைக்கலாம்?

பஸ்கா நாட்களில், அதாவது இஸ்ரேலில் ஏழு நாள், வெளிநாடுகளில் எட்டு நாள், கோதுமை, பார்லி போன்ற ஐந்து தானியங்களில் புளித்த எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. தானிய வினிகர் அதில் அடக்கம். அஷ்கெனாசிகள் கடுகையும் பருப்பு வகைகளையும் அரிசியையும்கூடத் தவிர்ப்பார்கள். எனவே வழக்கமான பாட்டில்கள் எல்லாம் ஒதுங்கிவிடும், பஸ்காவுக்கென்று தனியாகப் போட வேண்டும்.

கிழக்கு ஐரோப்பாவின் ஏழை வீடுகளில் இதற்கு அழகான விடை இருந்தது. பெயர் ரோசல். யூதர்கள் அழிவிலிருந்து தப்பியதைக் கொண்டாடும் பூரிம் பண்டிகை முடிந்த கையோடு, பஸ்காவுக்குச் சரியாக ஒரு மாதம் இருக்கும்போது, தோல் சீவிய பீட்ரூட்டைப் பெரிய துண்டுகளாக்கி, சுத்தமான ஜாடியில் தண்ணீர் ஊற்றி, துணியால் மூடி ஒரு மூலையில் வைப்பார்கள். அவ்வப்போது நுரையை வழித்துவிட வேண்டும். முதலில் கலங்கி, மண்வாசம் அடிக்கும். மூன்று நாலு வாரத்தில் தெளிந்து, திராட்சை ரசத்தின் நிறத்தில் கண்ணாடியாக நிற்கும். வினிகருக்குப் பதில் அதுதான். போர்ஷ்ட் சூப்புக்கு அது, கசப்புக்கும் காரத்துக்கும் துருவும் ஹார்ஸ்ராடிஷ் வேரைச் சிவப்பாக்கவும் அது. எலுமிச்சை கிடைக்காத, பனி விலகாத ஊரில், பண்டிகைக்குத் தேவையான புளிப்பை ஒரு கிழங்கிலிருந்து எடுத்தார்கள். மொத்த யூதச் சமையலிலும் இதைவிடச் சிக்கனமான பதனம் எனக்குத் தெரியாது.

மிச்சப் பீட்ரூட்டும் கறுப்பு முள்ளங்கியும் தேன் அல்லது சர்க்கரை, இஞ்சி, பாதாம் சேர்த்து ஜாமாகும். ஐன்கெமாக்ட்ஸ் என்பார்கள். தேநீரோடு கரண்டியில் எடுத்துச் சாப்பிடுவது.

கூடாரப் பண்டிகை முடிந்ததும் எத்ரோக் பழத்தை என்ன செய்கிறார்கள்?

எத்ரோக் நம் நார்த்தங்காய்க்கு உறவு: தடித்த தோல், கொஞ்சம் சாறு, அபார வாசனை. பண்டிகையின்போது பேரீச்ச ஓலை, மிர்ட்டல், வில்லோ கிளைகளோடு கையில் பிடித்து ஆட்டுவதற்காகக் குறையில்லாத பழத்தை நல்ல விலை கொடுத்து வாங்குவார்கள். பண்டிகை முடியும் வரை அதைச் சாப்பிடக் கூடாது. முடிந்ததும், இவ்வளவு அருமையாகப் பார்த்துக்கொண்ட பழத்தைக் குப்பையில் போட மனம் வருமா? ஜாமாகக் காய்ச்சுவார்கள்.

மெல்லியதாக நறுக்கி, விதை நீக்கி, தண்ணீரில் ஊறவைத்து, பல தடவை நீர் மாற்ற வேண்டும். சிலர் கொதிக்கவைத்தும் வடிப்பார்கள், இல்லாவிட்டால் கசப்பு போகாது. பிறகு சர்க்கரையோடு பாகுபதம் வரை காய்ச்சுவது. மரங்களின் புத்தாண்டான து பிஷ்வாத் நாளில், ஜனவரி இறுதி, பிப்ரவரி வாக்கில், இந்த ஜாமை எடுப்பது வழக்கம். கர்ப்பிணிகள் சாப்பிட்டால் பிரசவம் எளிதாகும் என்ற நம்பிக்கையும் உண்டு.

ஒரு எச்சரிக்கை: சடங்குக்காக வளர்க்கும் எத்ரோக்குக்குத் தோலில் புள்ளி விழாதிருக்க மருந்து நிறைய அடிப்பதுண்டு. உண்பதற்கென்று விளைந்த பழம் கிடைத்தால் அதையே எடுங்கள். மற்றதில் கிராம்பைக் குத்திக் காயவைத்தால், ஓய்வுநாள் முடியும் சடங்கில் முகர்ந்து பார்க்கும் வாசனைப் பொருளாக வருடம் முழுக்க வரும்.

மொரோக்கோ உப்பு எலுமிச்சை நம் ஊறுகாயிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

மிளகாயும் எண்ணெயும் இல்லை. பழத்தை நாலாகக் கீறி, அடி ஒட்டியிருக்கும்படி விட்டு, உள்ளே உப்பை அடைத்து, பாட்டிலில் நசுக்கி அடுக்கி, மூழ்கும் வரை எலுமிச்சைச் சாறு ஊற்றி ஒரு மாதம் விடுவது. சாப்பிடும்போது சதையைத் தள்ளிவிட்டுத் தோலைக் கழுவி நறுக்கிப் போடுவார்கள். கோழியும் ஆலிவும் சேர்த்த குழம்பில் அந்தத் தோல் பட்டுப்போல் கரையும்.

அம்பா என்பது நம் மாங்காய் ஊறுகாய்தானா?

வேர் இங்கேதான், பெயரே மராத்தியின் ஆம்பா. ஈராக்கின் பாஸ்ரா துறைமுகத்துக்கும் பம்பாய்க்கும் இடையில் கப்பல் வணிகம் நெருக்கமாக இருந்தது. பாக்தாதிலிருந்து வந்த யூத வணிகர் டேவிட் சசூனின் குடும்பம் 1830களில் பம்பாயில் நிலைபெற்றது. அந்தக் குடும்பம்தான் மாங்காயைப் பீப்பாய்களில் வினிகர் ஊற்றி ஈராக்குக்கு அனுப்பியது என்று ஒரு கதை சொல்வார்கள். கதையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்; பண்டம் வந்த வழி மட்டும் நிச்சயம்.

மாங்காயை உப்பில் ஊறவைத்து, வெயிலில் காட்டி, மஞ்சள், வெந்தயம், கடுகு, மிளகாய், வினிகரோடு சேர்ப்பது அம்பா. நம்முடையது போல எண்ணெயில் மிதக்காது, ஊற்றும் பதத்தில் இருக்கும். வெந்தயம் தூக்கலாக இருப்பதால், சாப்பிட்டவர் வியர்வையில் மறுநாளும் அந்த வாசம் அடிக்கும்.

1950–51இல் சுமார் 1,20,000 யூதர்கள் ஈராக்கை விட்டு இஸ்ரேலுக்குப் போனார்கள். அம்பாவும் கூடப் போயிற்று. சனிக்கிழமைக் காலையில் ஈராக் யூதர்கள் சாப்பிட்டது, முந்தின நாளே பொரித்து ஆறிய கத்தரிக்காயும் இரவெல்லாம் மெல்லிய சூட்டில் வெந்த முட்டையும். அதையே ரொட்டிக்குள் அடைத்து அம்பா ஊற்றி இஸ்ரேலின் ராமத் கான் நகரில் விற்கத் தொடங்கினார்கள். அதுதான் இன்று ஊரெங்கும் கிடைக்கும் சபீக்.

இந்திய யூதர்களிடம் இப்படி ஏதும் உண்டா?

கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் மக்கள், ஓய்வுநாள் ஆசீர்வாதத்துக்கு உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாற்றைப் பயன்படுத்தினார்கள். திராட்சை ரசம் எளிதில் கிடைக்காத இடத்தில் உலர்திராட்சையின் சாற்றைச் சட்டமும் ஏற்கிறது. கொச்சி யூதர்கள் பஸ்காவுக்குப் பேரீச்சம்பழப் பாகு காய்ச்சுவார்கள்.

இனிப்புப் பதனங்களில் எவை முக்கியம்?

துருக்கி, கிரீஸ் பக்கத்துச் செபார்டி வீடுகளில் குயின்ஸ் பழத்தைக் கிளறிச் செந்நிற அல்வா போல வெட்டி வைப்பார்கள். விருந்தாளி வந்தால் வெள்ளித் தட்டில் ரோஜா இதழ் ஜாம், ஆரஞ்சுத் தோல் பாகு, கூடவே கரண்டிகளும் குளிர்ந்த நீரும். மொரோக்கோ யூதர்கள் பஸ்கா முடிந்த இரவில் கொண்டாடும் மிமூனாவுக்குக் குட்டிக் கத்தரிக்காயை முழுதாகப் பாகில் ஊறவைப்பார்கள். கறுத்து, பளபளத்து, இஞ்சி மணத்தோடு இருக்கும் அதைக் கத்தரிக்காய் என்று முதல் கடியில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

போஹீமியாவின் பிளம் களி போவிடலுக்கு ஒரு வரலாறே இருக்கிறது. 1731இல் யுங்பன்ஸ்லாவ் என்ற ஊரில் (இன்றைய செக் நாட்டு ம்லாடா போலெஸ்லாவ்) டேவிட் பிராண்டைஸ் என்ற யூதக் கடைக்காரரிடம் போவிடல் வாங்கிச் சாப்பிட்ட ஒரு கிறிஸ்தவக் குடும்பம் நோயுற்றது, குடும்பத் தலைவர் இறந்தார். விஷம் வைத்ததாகப் பிராண்டைஸைச் சிறையில் அடைத்தார்கள். இறந்தவருக்கு ஏற்கெனவே காசநோய் என்று தெரிந்தபின் விடுதலை. அவர் குடும்பம் அந்த விடுதலையைப் ‘போவிடல் பூரிம்’ என்ற பெயரில் வருடாவருடம் கொண்டாடியது. ஒரு ஜாடி ஜாமை வைத்து ஒரு சிறுபான்மை மக்கள்மேல் பழி போட முடிந்த காலம் அது. பூரிமுக்குச் செய்யும் முக்கோணப் பலகாரத்தில் இன்றும் போவிடல் பூரணம் உண்டு.

ஜாடி தீர்ந்தபின் மிஞ்சும் உப்புநீரை என்ன செய்வது?

கொட்டாதீர்கள். உருளைக்கிழங்கு சூப்பில் கடைசியாக ஒரு கரண்டி ஊற்றலாம், அவித்த பீட்ரூட்டில் கலக்கலாம். ரொட்டி மாவு பிசையும்போது தண்ணீரில் ஒரு பங்காகச் சேர்க்கலாம், உப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஜாடிக்கு மட்டும் புது உப்புநீரே கரையுங்கள். பழைய நீரில் காயின் சாறு இறங்கி உப்பின் அளவு மாறியிருக்கும், எவ்வளவு என்று நாக்கால் கணிக்க முடியாது.